ஷிராகியின் முறை வரும்வரை

பிப்ரவரி மாதக் கடைசி ஞாயிறு, ஆற்றங்கரையில், ரயில் பாலத்துக்கு அடியில் நடந்த பேச்சு இது. மேலே ரயில் போகும்போதெல்லாம் பேச்சு நின்று, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதனாலோ என்னவோ, எனக்கு எல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது.

முதலில் சுமியே-ஸான் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து இறக்கி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் ஆதரவுக் குழுத் தலைவர் குசுமோட்டோ, தொழிலால் டாக்ஸி ஓட்டுநர், முரசுக்குப் பக்கத்தில் குந்தி, சூடான காபி டப்பாவைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யாருக்கு இந்தப் பாட்டு?"

"ஷிராகிக்கு."

"எந்த ஷிராகி?"

"நம்ம டீம்ல எத்தன ஷிராகி இருக்காங்க, தலைவரே?"

"கேட்சர் ஷிராகியா? அவன் மட்டை பிடிச்சு நான் பார்த்ததே இல்லையே. வலது கையா, இடது கையா?"

"வலது."

"பாருங்க, நீங்களே யோசிச்சுத்தான் சொல்றீங்க."

ரயில் போயிற்று. நாங்கள் காத்திருந்தோம்.

"பத்து வருஷம் நம்ம டீம்ல இருந்தா தனிப் பாட்டு. அது நீங்க போட்ட விதிதான்" என்றார் சுமியே-ஸான். "அவனுக்கு இது பதினோராவது வருஷம்."

"மட்டையே பிடிக்காம ஒருத்தன் பத்து வருஷம் தங்குவான்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"பதினோரு வருஷமா அவன் பேரைச் சொல்லி நம்ம கேலரியில ஒருத்தர் பாடினதில்ல. எப்பவாவது வந்தா எல்லாருக்கும் வாசிக்கிற பொதுப் பாட்டு. வயசு முப்பத்துமூணு ஆச்சு. இந்த அக்டோபர்ல டீம்ல இருந்து அனுப்பிடுவாங்க."

"நான் முப்பது வருஷமா டாக்ஸி ஓட்டறேன். எனக்கு யாரு பாட்டு போட்டா?"

"உங்களுக்குப் பாட்டு போட்டா நீங்க ஸ்டியரிங்க விட்டுட்டு ஆடுவீங்க. பயணி என்ன ஆவான்?"

தலைவர் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற பொண்ணே?" என்றார்.

"ரெண்டாவது வரி நல்லா இருக்கு" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

"சரி. தாள்ல அச்சடிச்சுக் குடுத்துடலாம். ஆனா ஒண்ணு. நம்ம மைதானத்துல, அவன் மட்டையோட வந்து நின்னாத்தான் வாசிக்கணும். பந்து பிடிக்க வரும்போது வாசிக்கச் சொல்லி அடம் பிடிக்கக் கூடாது."

"ஒரே ஒரு தடவ வந்தாப் போதும், தலைவரே" என்றார் சுமியே-ஸான். சொல்லிக்கொண்டே கரையில் மேலும் கீழுமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒகிதா சுமியே என்பது முழுப்பெயர், 'ஸான்' மரியாதைக்குச் சேர்ப்பது. அவருக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று. எங்கள் துறைமுக ஊரின் பள்ளிகளுக்கெல்லாம் மதிய உணவு சமைக்கும் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. நான் அதே கூடத்தில் சத்துணவுப் பட்டியல் எழுதுபவள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஜப்பானியமுமாக இந்த ஊரிலேயே வளர்ந்தவள். பள்ளி வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசித்ததை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் யாரிடமோ சொல்லிவைத்தேன். மறுநாளே சுமியே-ஸான் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நாரைகள் உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார். நாரைகள் என்பது எங்கள் அணியின் பெயர். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு.

அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. ஆளுயரக் கொப்பரையில் கறிக்குழம்பைத் துடுப்பால் கிளறும்போதுகூட வலது கை விரல்கள் மூன்றும் துடுப்பின் பிடியில் அழுந்தி எழும். ட்ரம்பெட் விசைகளின் வரிசை அது. எந்த வீரனுக்கான பாட்டு ஓடுகிறது என்று விரல்களைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். வீட்டில் கணவருக்கு விளையாட்டில் ஆர்வமில்லை, சாமந்தி வளர்ப்பவர். "அவர் பூ மலரக் காத்திருப்பாரு. என்னால ரெண்டு நிமிஷம் நூடுல்ஸ் வேகக் காத்திருக்க முடியாது" என்பார். சுமியே-ஸான் நாற்பது வயதுக்குப் பிறகு ட்ரம்பெட் கற்றுக்கொண்டவர். வருடத்துக்கு ஒரு பாட்டாவது எழுதிக் குழுவில் கொடுப்பார். ஏற்கப்பட்ட முதல் பாட்டு ஷிராகியுடையது. கேட்சர் என்பவன் மட்டைக்காரனுக்குப் பின்னால் மண்ணில் குந்தியிருந்து பந்து பிடிப்பவன், வரிகள் அதிலிருந்து வந்தவை.

முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழு, ஷிராகி.
குந்தியிருந்தது போதும், மட்டையைத் தூக்கு.

மார்ச் கடைசியில் பருவம் தொடங்கிய நாளில் எங்கள் ஆதரவாளர்கள் உட்காரும் வலப்புறக் கேலரி முழுக்கப் பாட்டுத் தாள் விநியோகித்தோம். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். மெட்டு எளிது, உடனே ஒட்டிக்கொண்டது. முன்வரிசைத் தாத்தா ஒருவர் அதைத் தீயணைப்பு வண்டி மாதிரி கத்தினார். சுமியே-ஸான் முகம் சிவந்து, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். அது கட்டியேதான் இருந்தது.

அன்று நாரைகள் ஒரு ரன் முன்னிலையில் ஒன்பதாம் இன்னிங்ஸுக்குப் போனார்கள். கேட்சரை மாற்றி ஷிராகியை அனுப்பினார்கள். ஷிராகியின் வேலையே அதுதான். கடைசி இன்னிங்ஸில் வந்து பந்து பிடித்து, கையிலிருக்கும் வெற்றியை நழுவவிடாமல் முடித்துக் கொடுப்பது. எதிராளியின் மூன்று பேரும் அவுட், மூன்று பேர் போனால் அவர்கள் முறை முடிந்தது. ஆட்டம் முடிந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுமியே-ஸானும் கத்தினார், துண்டைச் சுழற்றினார். பிறகு என்னிடம், "இன்னிக்கு மட்டை பிடிக்கல இல்ல?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும்.

மே மாத நடுவில்தான் எங்களுக்கு உறைத்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் வெளியூர் அணி முதலில் மட்டை பிடிக்கும், பிறகு நாம். நாம் முன்னிலையில் இருந்தால் அந்தப் பிற்பாதியே கிடையாது, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஷிராகி வருவதோ நாம் முன்னிலையில் இருக்கும்போது மட்டும். அவன் வேலையைச் சரியாகச் செய்தால் அவனுக்கு மட்டை கிடைக்காது. கிடைக்க வேண்டுமானால் எதிராளி அடித்துச் சமன் செய்ய வேண்டும்.

பெரிய வித்தியாசத்தில் முன்னால் போனால் ஏழாவது, எட்டாவதிலேயே அவனை இறக்கலாம். ஆனால் எங்கள் நாரைகள் எதையும் பெரிய வித்தியாசத்தில் செய்பவர்கள் அல்ல, தோற்பதைத் தவிர.

"இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?" என்று மாவுக் கரைசலைக் கிளறியபடி சுமியே-ஸான் கேட்டார். "இருபது வருஷமா இந்த ஆட்டத்தப் பாக்கறேன்."

"தலைவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"தெரிஞ்சுதான் சரின்னிருக்காரு, கிழவன்."

ஜூலையில் ஒருநாள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் முன்னிலையைப் பறிகொடுத்து, ஆட்டம் சமன் ஆயிற்று. பிற்பாதியில் இரண்டு பேர் அவுட். அடுத்து நிற்பவன் எப்படியாவது அவுட் ஆகாமல் முதல் 'பேஸ்' தளத்துக்கு ஓடிச் சேர்ந்துவிட்டால், அதற்கடுத்து ஷிராகி. அவன் வெளியே வந்து காத்திருப்போர் வட்டத்தில் முழங்காலிட்டிருந்தான், மட்டையோடு. சுமியே-ஸான் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். மற்ற ட்ரம்பெட்காரர்களும் தாளைத் திருப்பி வைத்தார்கள்.

முன்னால் நின்றவன் ஹோம் ரன் அடித்தான். பந்து நேரே எங்கள் கேலரிக்கே வந்தது. வெற்றி. ஐயாயிரம் பேர் ஒரே நேரத்தில் குதித்தோம். மைதானத்தில் ஷிராகி மட்டையைக் கீழே போட்டுவிட்டு, அடித்தவனைக் கட்டிக்கொள்ள முதல் ஆளாக ஓடினான். கேலரியில் ட்ரம்பெட்டை உதட்டருகே பிடித்தபடி குதிக்காமல் நின்ற ஒரே ஆள் சுமியே-ஸான். தலைவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மறுநாள் காலை கறிக்குழம்பு நாள். முகமூடிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"கயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன?"

"நேத்து ஒன்பதாவது இன்னிங்ஸ்ல எல்லாரும் கைகூப்பி 'அவுட் ஆகு, அவுட் ஆகு'ன்னு வேண்டிக்கிட்டு இருந்தாங்க. நான் 'அடி'ன்னு வேண்டிக்கிட்டேன்."

"யாரை?"

"எதிராளிய."

"அடிபிடிக்கப் போகுது" என்று கொப்பரையைக் காட்டினேன்.

"வேண்டிக்கிட்டேன், அடிச்சான்" என்று சொல்லித் துடுப்பை வேகமாகச் சுழற்றினார். "இது பழகிடுமோன்னு பயமா இருக்கு."

அதன்பின் அவர் நிலைகொள்ளவில்லை. ஒன்பதாம் இன்னிங்ஸ் நெருங்கினால் கேலரியின் பின்படிக்குப் போய்விடுவார், திரும்பி வருவார், மறுபடி போவார். ஷிராகி வரக் கூடாது என்று ஒருநாள், வர வேண்டும் என்று ஒருநாள். பிள்ளைகளின் சூப்பில் இருமுறை உப்புப் போட்டு, நாற்பது லிட்டரைக் கொட்ட வேண்டியதாயிற்று. "போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல" என்றார். பத்தொன்பது வருடத்தில் அது முதல் முறை.

இதற்கிடையில் நாரைகள் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் விசித்திரம். ஆறு அணிகளில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அக்டோபரிலும் ஆட்டம் உண்டு. பன்னிரண்டு வருடமாக எங்களுக்கு அக்டோபர் என்று ஒன்று இருந்ததில்லை. செப்டம்பரில் மூன்றாம் இடத்துக்கு நாங்களும் இன்னோர் அணியும் தோளோடு தோள் உரசி நின்றோம். மீன் சந்தையில், சலூனில், தலைவரின் டாக்ஸியில், எங்கும் அதே பேச்சு. டாக்ஸியில் ஏறி வேறு அணியின் பெயரைச் சொன்ன ஒரு வெளியூர்க்காரரை அவர் ஊரை இருமுறை சுற்றிக் காட்டிவிட்டு இறக்கியதாக வதந்தி.

செப்டம்பர் பதினெட்டு. மூன்றாம் இடத்துக்குப் போட்டியிடும் அதே அணி எங்கள் மைதானத்துக்கு வந்திருந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. ஷிராகி குந்தியிருக்கிறான். இரண்டு பேர் அவுட். எதிராளி மட்டை பிடிக்கும்போது எங்கள் கேலரி வாத்தியம் வாசிக்காது. அது அவர்களுடைய நேரம். முரசின் மேல் துணி போர்த்தியிருக்கும், ட்ரம்பெட்டுகள் மடியில் இருக்கும். எதிர்ப்புறக் கேலரியின் சத்தம் மட்டும் கேட்கும்.

சுமியே-ஸானின் ட்ரம்பெட் மடியில் இல்லை. பிற்பாதி வந்தால் யார் யார் ஆடுவார்கள் என்று எண்ணியபடி அதை உதட்டில் வைத்திருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இறக்கி வையுங்கள் என்று சொல்லவில்லை.

எதிராளி அடித்தான். பந்து எழும்பி, எழும்பி, வேலிக்கு அப்பால் விழுந்தது. ஆட்டம் சமன். எங்கள் பக்கம் ஐயாயிரம் பேரும் வாயடைத்துப் போனோம். அந்த அமைதியில் ட்ரம்பெட்டிலிருந்து ஒரு ஸ்வரம் வந்தது. ஒன்றே ஒன்று. தெளிவான, உற்சாகமான ஸ்வரம். ஷிராகி பாட்டின் முதல் ஸ்வரம்.

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பிற்பாதியில் இரண்டு பேர் அவுட் ஆகி, ஒருவன் இரண்டாம் தளத்தில் நின்றபோது ஷிராகியின் முறை வந்தது. அவன் மட்டையோடு நான்கடி நடந்தும் வந்தான். தலைவர் முரசுக் கோலை உயர்த்தினார். உடனே பயிற்சியாளர் வெளியே வந்து நடுவரிடம் கையைக் காட்டினார். ஷிராகிக்குப் பதிலாக மட்டை பிடிக்க வேறொருவன். அதுதானே நியாயம். ஒரு ரன் தேவைப்படும் இடத்தில் ஷிராகியை யார் அனுப்புவார்கள்? ஷிராகி தலையசைத்துவிட்டு உள்ளே போனான். ஆள் மாற்றியும் பயனில்லை. பத்தாவது இன்னிங்ஸில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கேலரிக்குப் பின்னால், குப்பையைத் தரம் பிரிக்கும் இடத்தில் குழு கூடியது. தலைவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஒகிதா-ஸான், அது விரல் தவறி வந்தது. அப்படித்தானே? அப்படின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"விரல் தவறினா ஸ்வரம் வராது, தலைவரே. ஊதணும்."

"சரி, இருமினீங்க."

"இருமல."

"எனக்கு உதவி பண்ணுங்கம்மா கொஞ்சம்."

சுமியே-ஸான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "அவன் அடிச்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதான் வந்துச்சு. பொய் சொல்லிட்டு நாளைக்கு உங்க பக்கத்துல நிக்க எனக்கு முடியாது."

தலைவர் நெடுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். சுமியே-ஸான் குழுவின் கைப்பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் பருவம் முடியும்வரை அவருக்கு வலப்புறக் கேலரி கிடையாது.

நாரைகள் மூன்றாம் இடத்தை ஒரே ஒரு வெற்றியில் தவறவிட்டார்கள். எந்த ஆட்டம் அந்த ஒன்று என்று சலூனில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கள் குழுவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சுமியே-ஸான் மட்டும் கூடத்தில் காய் நறுக்கும்போது, "பதினெட்டாம் தேதிதான்" என்று என்னிடம் சொன்னார். கேரட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

அக்டோபர் முதல் வாரம், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். மூன்றாம் இடம் அதற்குள் கைவிட்டுப் போயிருந்ததால், ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாத நாள். அத்தகைய நாளில்தான் அனுப்பப்படப்போகும் வீரர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள். யாரும் அறிவிப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். எட்டாவது இன்னிங்ஸில் ஒலிபெருக்கி ஷிராகியின் பெயரைச் சொன்னது. மட்டை பிடிக்க.

கேலரியில் ஒரு சலசலப்பு ஓடியது. தலைவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. "வாசிங்க" என்றார்.

வாசித்தோம். மார்ச்சில் கொடுத்த தாள் யாரிடமும் இல்லை, யாருக்கும் தேவைப்படவும் இல்லை. முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழு, ஷிராகி. தீயணைப்பு வண்டித் தாத்தா அழுதுகொண்டே கத்தினார். மட்டையைத் தோளில் வைத்திருந்த ஷிராகி ஒரு கணம் எங்கள் பக்கம் திரும்பினான். அது தனக்கானதுதானா என்று சரிபார்ப்பதுபோல. குந்தியிருந்தது போதும் என்று இரண்டாம் வரியைத் தொடங்கினோம்.

முதல் பந்தையே அடித்தான். பந்து உருண்டு நேரே தடுப்பாளனின் கையில் போய்ச் சேர்ந்தது, ஷிராகி ஓடிச் சேரும் முன்பே முதல் தளத்துக்கும் போய்விட்டது. அவுட். ஆள் அவுட் ஆனால் பாட்டு நிற்க வேண்டும். இரண்டாம் வரியின் பாதியில் நிறுத்தினோம்.

மறுநாள் காலை கூடத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்த சுமியே-ஸானிடம் நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவரே முந்திக்கொண்டார்.

"முதல் வரி இழுக்குது கயா. நீங்க எல்லாம் முரசுத் தாளத்துக்குப் பின்தங்கிப் போறீங்க."

"எங்க இருந்தீங்க?"

"இடப்புறக் கேலரியில. எதிராளிங்க நடுவுல. கறுப்புச் சட்ட போட்டுக்கிட்டு, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி." முகமூடியைக் கீழே இழுத்தார். "இத்தன வருஷம் வாசிச்சிருக்கேன், நம்ம பாட்டு எதிர்ப்பக்கம் எப்படிக் கேக்கும்னு தெரியாது. அரை நொடி தாமதமா வருது. பக்கத்துல உக்காந்திருந்த ஆளு, 'நல்ல பாட்டு, யாருக்கு?'ன்னு கேட்டான். சொன்னேன். 'யாரு அது?'ன்னான்."

"கோபம் வரலையா?"

"வந்துச்சு. அவன் ஒரு பாக்கெட் வறுத்த கணவாய் குடுத்தான். தின்னேன்."

அந்த மாதக் கடைசியில் ஷிராகியை அனுப்பிவிட்டார்கள். எதிரே உள்ள தீவில் அண்ணனின் சிப்பிப் பண்ணைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. சுமியே-ஸான் அவனுக்குக் கடிதம் எதுவும் எழுதவில்லை. பாட்டு தன்னுடையது என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. நவம்பரில் அமைதியாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். விரல்கள் துடுப்பில் ஆடிக்கொண்டேதான் இருந்தன. ஆனால் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த எந்த வரிசையும் இல்லை.

மார்ச்சில் ஒருநாள், வேலை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் தலைவரின் டாக்ஸி நின்றது. கண்ணாடியை இறக்கி, கைப்பட்டையை வெளியே நீட்டினார். "வர்றீங்களா, இல்லையா? மீட்டர் ஓடுது."

சுமியே-ஸான் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல இரண்டு முறை குனிந்தார். டாக்ஸி போய்விட்டது.

பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். அவர் நடையில் அவசரம் இருந்தது, பேருந்துக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தபோதும். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், மடித்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"மியோஷின்னு ஒருத்தன் இருக்கான், தெரியும்ல?" என்றார். "அடுத்தவனுக்குப் பதிலா ஓடறதுக்கு மட்டும் அனுப்புவாங்களே, அவன். எட்டு வருஷம் ஆச்சு. ஓடறான், உள்ள போயிடறான். மட்டை பிடிச்சு யாரும் பார்த்ததில்ல."

"பத்து வருஷம் ஆகலையே" என்றேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள ரெண்டாவது வரியச் சரி பண்ணணும்." தாளை மடித்தார். பிறகு நின்றார். அவர் நின்று பேசியதை நான் அதிகம் பார்த்ததில்லை. "கயா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணுவியா? இந்த வருஷம் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல, எதிராளி மட்டை பிடிக்கிறப்பல்லாம், என் ட்ரம்பெட்ட வாங்கி உன் மடியில வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத. மூணாவது ஆளு அவுட் ஆனதுக்கு அப்புறம் குடு."